விளக்கமாறு நின்ற இடம்

நாலாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யார் மிளகாய்ச் செடி வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். அகத்தா வைத்தால் மட்டும் பிழைக்காது. இது ஊரறிந்த சங்கதி. அவள் நட்ட மிளகாய் மூன்றாம் வாரம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். கத்தரி பூக்கும், காய்க்காது. ஒருமுறை ஆசை ஆசையாகக் கீரை விதைத்தாள். முளைத்து வந்த நாலு இலையைக் கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அகத்தா கையில் ஒரு வெண்டி விதையைக் கொடுத்தால் அது பயத்திலேயே செத்துவிடும் என்று பக்கத்து வீட்டு ராக்காயி லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அகத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிற காய்கறி வேனில் மிளகாய் வாங்கிக்கொள்வாள். சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அப்படிப்பட்ட அகத்தாதான் 1976-ஆம் ஆண்டு வீட்டுத் தோட்டத் தொண்டராகப் போனாள். பக்கத்துப் பட்டணமான கூலிமுக்குப் போய் முறையாகப் பயிற்சி எடுத்து, வீடு வீடாக ஏறி இறங்கி, மற்றவர்கள் காய்கறி வளர்க்கக் கைகொடுக்கிற தொண்டர். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள், வெறும் நிலம் கிடக்கக் கூடாது என்று வானொலியில் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தோட்ட ஆபீஸ் பலகையில் மலாயில் ஓர் அறிவிப்பும் அடியில் இரண்டு வரி தமிழும் ஒட்டியிருந்தார்கள். ஆறு சனிக்கிழமை கூலிமில் பயிற்சி. அதன் பிறகு மூன்று மாதம் தன் இடத்தில் ஐந்து வீடுகளுக்குத் துணை நின்று தோட்டம் போடவைக்க வேண்டும். கடைசியில் விவசாய இலாகா அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் படம் ஒட்டிய தொண்டர் அட்டை கிடைக்கும். திருப்தி இல்லையென்றால் அந்த இடம் அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போய்விடும். சம்பளம் கிடையாது. அதனால்தான் பத்து நாளாகியும் பெயர் கொடுக்க ஆளில்லை.

அகத்தா பெயர் கொடுத்தபோது ஆபீஸ் குமாஸ்தா சிரில் கிராணி பேனாவை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். இருவரும் ஒரே தேவாலயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள். அந்த உரிமையில், உன் வீட்டு வாசலைப் பார்த்தால் பாலைவனம் மாதிரி இருக்கிறதே, நீ யாருக்கு என்ன சொல்லித்தரப் போகிறாய் என்று கேட்டார். அகத்தா வெட்கப்படவில்லை. யாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்ற பெரிய நினைப்பெல்லாம் அவளுக்கு அப்போது இல்லை. தன் செடி ஏன் சாகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைக் கிராணியிடம் சொல்லவா முடியும்? எழுதிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

கூலிமில் விவசாய இலாகா ஆபீசுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வகுப்பு. பதினோரு பேர். ஓய்வுபெற்ற மலாய் வாத்தியார் ஒருவர், கிளினிக்கில் வேலை செய்கிற சீனப் பெண் ஒருத்தி, மலாய்க் கிராமமான கம்பத்துத் தலைவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள். ரப்பர் மரத்தில் பால் வெட்டி எடுக்கிறவள் அகத்தா ஒருத்திதான். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பாடம் மலாயில் நடந்தது. பேச்சு புரியும், எழுதத் தெரியாது. ஆகையால் அதிகாரி சொல்வதை அப்படியே காதில் வாங்கித் தமிழ் எழுத்தில் கோழி கிறுக்கினாற்போல எழுதிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியார் எட்டிப் பார்த்து, இது எந்தப் பாஷை என்று மரியாதையாகக் கேட்டார்.

அதிகாரி பெயர் ஹம்டான். பெண்டாங் பக்கத்து நெல் விவசாயி மகன். முப்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், லேசில் சிரிக்க மாட்டார். மூன்றாம் சனிக்கிழமை எல்லோரையும் வீட்டு வாசலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவர் மண்ணாக விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், அகத்தாவின் மண்கட்டியை எடுத்து மேசையில் தட்டினார். டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. இது மண்ணா, உடைந்த பீங்கான் மங்கு ஓடா என்று கேட்டார். கொட்டகையே சிரித்தது. அகத்தாவுக்குக் காது சுட்டது.

இந்த மண்ணுக்கு நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பெருக்குவேன் என்றாள். தினமுமா? வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை, விளக்கு வைக்கும் முன் ஒரு தடவை. செடியைச் சுற்றியுமா? செடியைச் சுற்றித்தான் நன்றாகப் பெருக்குவேன், ஓர் இலை கிடக்க விடமாட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. அவளைக் காட்டுக்குள் போய்ப் பார்க்கச் சொன்னார். ரப்பர் மரத்தடியில் யார் பெருக்குகிறார்கள்? இலை விழுகிறது, மக்குகிறது, அடியில் மண் ஈரமாகப் புட்டு மாதிரி இருக்கிறது. மண்ணை அம்மணமாக விட்டால் வெயிலும் மழையும் அதை அடித்துக் கல்லாக்கிவிடும். மேலே காய்ந்த இலையைப் போர்த்துங்கள், மூடாக்கு என்பது அதுதான் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அகத்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாகத் தன் கை ராசியில்லாத கை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். கைக்கு ஒன்றுமில்லை. கொன்றதெல்லாம் விளக்கமாறு. லூனாஸ் முச்சந்தியில் இறங்கும்போது கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்து, என்னக்கா லாட்டரியா என்று கேட்டான்.

அன்று சாயங்காலமே புருஷன் ஏசுதாசனை இழுத்துக்கொண்டு போய் இரண்டு சாக்கு நிறைய ரப்பர் இலை அள்ளிவந்தாள். இலையுதிர் காலம், காடெல்லாம் இலைதான். ஏசுதாசன் ரப்பர்ப் பால் சேர்க்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவன். அதிகம் பேசாத ஆள். குப்பையை வீட்டிலிருந்து காட்டுக்குக் கொண்டுபோகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னான். புது மிளகாய் நாற்று நட்டு, சுற்றிலும் இலையைப் பரப்பி, தண்ணீர் தெளித்துவிட்டு, அகத்தா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வாசல் பளபளவென்று இருந்தது. ஓர் இலையில்லை.

ராக்காயி வேலைதான். ராக்காயி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள். லயத்தை விட்டுப் போகாதவள். அகத்தாவுக்கு எட்டு வயது மூத்தவள். அகத்தா பொழுது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்விடுவதால், தன் வாசலைப் பெருக்குகிற கையோடு அகத்தா வாசலையும் பெருக்கிவிடுவது அவள் வழக்கம். பதினாலு வருஷமாக, யாரும் கேட்காமல், ஒருநாள் தவறாமல். அகத்தாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, வாசலில் குப்பை மண்டிக் கிடக்கிறது என்று நினைத்து அன்றைக்கு இரண்டு தடவை பெருக்கியிருக்கிறாள். வாசல் பெருக்காத வீட்டில் யார் குடியிருப்பார்கள்? அது மட்டுமா, இலைக்குள் பூரான் வரும், பாம்பு வரும், பெரிய கிராணி பார்த்தால் ஏசுவார். ராக்காயி சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

அகத்தா மறுபடி இலை போட்டாள். ராக்காயி மறுபடி பெருக்கினாள். இப்படியே ஒரு வாரம். லயமே வேடிக்கை பார்த்தது. கடைசியில் நாலாம் வகுப்பில் அகத்தா எழுந்து நின்று, பெருக்குகிறவளை என்ன செய்வது என்று கேட்டேவிட்டாள். ஹம்டான் யோசித்தார். தொண்டர் போய் நின்றதும் புத்தி சொல்லக் கூடாது, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதில் நியாயம் இருந்தால் அதற்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றார். அகத்தா அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அன்று ராக்காயி வீட்டுப் படியில் உட்கார்ந்து கேட்டாள். அக்கா, உனக்கு என்ன காய் வேணும்?  பாகற்காய் என்றாள் ராக்காயி. செத்துப்போன தன் புருஷன் போட்ட பந்தலில் கொத்துக் கொத்தாகக் காய்த்ததாம். அவர் போன பிறகு எத்தனை தடவை வைத்தும் வரவில்லையாம். ஊருக்கெல்லாம் காய்க்கிற மண் தனக்குக் காய்க்கவில்லை என்பதை ராக்காயி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அகத்தாவைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் அதனால்தானோ என்னவோ.

அகத்தா எழுந்து ராக்காயியின் ஈர்க்கு விளக்கமாற்றை எடுத்து, கட்டிய நீளக் கட்டையோடு வாசலில் கிடத்தினாள். படியிலிருந்து இந்தக் கட்டை முடிகிற வரைக்கும் உன் வாசல், நீ எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கு, பூரான் வராது. கட்டைக்கு அந்தப் பக்கம் பாகற்கொடியின் வாசல், அங்கே விளக்கமாறு போகக் கூடாது என்றாள். ராக்காயி விளக்கமாற்றையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி. ஆனா பாம்பு வந்தா உன்னத்தான் கூப்புடுவேன், நீதான் வந்து அடிக்கணும்."

இப்படித்தான் முதல் வீடு கிடைத்தது.

இரண்டாவது வீடு, வேலையாட்களை மேற்பார்க்கிற பழனியாண்டித் தண்டல். முப்பது வருஷம் ரப்பர்க் கன்று நட்டு நட்டு அவர் கண்ணில் நிரை ஊறிப்போயிருந்தது. கத்தரி நடச் சொன்னால் அளவுகோல் வைத்து ஆறடிக்கு ஒன்றாக நட்டார். இரண்டு கத்தரிக்கு நடுவே லாரி திரும்பும்.  இடையில் கிடக்கிற வெறும் மண்ணில் கீரை தூவலாமா அண்ணே என்று மட்டும் அகத்தா கேட்டாள். நிரைக்கு நடுவில் முளைப்பதெல்லாம் களைதானே என்று தண்டல் முகம் சுளித்தார். ஆனால் மூன்றாம் வாரம் அந்தக் கீரையை அவர் மனைவி கடைந்து வைத்தபோது இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாராம்.

மூன்றாவது புஷ்பவள்ளி. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கனகாம்பரம் என்றாள். காய்கறித் தொண்டரிடம் வந்து பூக் கேட்கிறாளே என்று அகத்தா தயங்கினாள். பிறகு கட்டைக்கு அந்தப் பக்கம் நாலு வெண்டி, ஓரம் முழுக்கக் கனகாம்பரம் என்று பேசி முடித்தார்கள். புஷ்பவள்ளி தினமும் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வெண்டியும் குடித்துக் கொழுத்தது. இன்னும் இரண்டு வீடுகளும் சேர்ந்தன. ஐந்து வீட்டிலும் விளக்கமாற்றுக் கட்டைதான் எல்லை.

வேலை முடிந்து, பால் நாற்றம் போகக் குளித்துவிட்டு, அகத்தா நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவாள். தன் கையால் எதையும் செய்துகொடுக்கக் கூடாது என்பது வகுப்பில் சொன்ன சட்டம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், அவர்கள் கையாலேயே செய்யவிட வேண்டும். அகத்தாவுக்கு அது தலைகீழாகத் தொங்குகிற மாதிரி இருந்தது. வேலையைப் பார்த்தால் கை தானாக நீளும். முந்தானைக்குள் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் இலை போடுகிறோம்? எவ்வளவு கனம்? தண்டுக்கு எவ்வளவு தள்ளி? ராக்காயி முதலில் எரிந்து விழுவாள், பிறகு பதில் சொல்வாள், அதற்கும் பிறகு கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தாலாட்டுகிற ராகத்தில் சொல்லிக் காட்டுவாள்.

மே மாதம் அகத்தா வீட்டு மிளகாய் காய்த்தது. அவள் வாழ்க்கையில் முதல் மிளகாய். ஏசுதாசன் அதை வெறும் வாயில் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, நல்லாருக்கு என்றான். ராக்காயி பந்தலில் பாகல் பூத்த அன்று அவள் வெகு நேரம் பந்தலுக்கடியில் நின்றிருந்தாள். தூரத்தில் இருந்து பார்த்த அகத்தாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தன் செடி ஏன் சாகிறது என்று கேட்கப் போனவள்தான். இப்போது அடுத்த வீட்டுச் செடி பூத்தால் இவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அட்டை மேல் ஆசை வந்தது அப்போதுதான். அகத்தாவிடம் அதுவரை பெயர் எழுதிய காகிதம் இரண்டே இரண்டு. ஒன்று ஞானஸ்நானச் சீட்டு. இன்னொன்று அடையாள அட்டை. ஒன்று பிறந்தாள் என்று சொன்னது, மற்றது இருக்கிறாள் என்று சொன்னது. இவளுக்கு ஒரு விஷயம் தெரியும் என்று சொல்கிற காகிதம் ஒன்றுகூட இல்லை. அது வேண்டும் என்று பட்டது. ராத்திரி ஜெபத்தில் கூச்சத்தோடு அதையும் சேர்த்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அகத்தா ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். என்சிக் ஹம்டான் வந்து பார்ப்பார், எதையும் மாற்ற வேண்டாம், இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்றாள். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலை அவள் நம்பியிருக்கக் கூடாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? கம்பெனியிலிருந்து பெரிய துரை வருகிறார் என்றால் என்ன செய்வார்கள்? மூன்று நாளைக்கு முன்பே கால்வாய்க் கரைக்குச் சுண்ணாம்பு, மரத்து அடிக்குச் சுண்ணாம்பு, ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு. புல் இருக்கக் கூடாது, இலை இருக்கக் கூடாது, நாய்கூட ரோட்டில் படுக்கக் கூடாது. பார்வையிட ஆள் வருகிறார் என்ற ஒரு சொல் போதும், தோட்டத்து ஜனத்துக்குக் கை தானாக வாளியைத் தேடும்.

சனிக்கிழமை மத்தியானம் அகத்தா குளித்து, ஈஸ்டருக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு லூனாஸ் முச்சந்திக்குப் போய் நின்றாள். தோட்டத்து மண் ரோடு அதிகாரிக்குத் தெரியாது. லேண்ட்ரோவர் வந்தது. முன்னால் உட்கார்ந்து வழி காட்டிக்கொண்டே வந்தாள். ரப்பர்க் காடு முடிந்து லயம் கண்ணில் பட்டதும் வழி காட்ட நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

லயம் வெள்ளை வெளேரென்று நின்றது.

பாத்தி ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. ராக்காயியின் பாகற்பந்தல் கால் நாலுக்கும் சுண்ணாம்பு. பப்பாளி மரம் இடுப்பு வரைக்கும் வெள்ளை வேட்டி கட்டியிருந்தது. பழனியாண்டித் தண்டல் தன் கத்தரிச் செடிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தண்டிலும் ஒரு சாண் உயரத்துக்கு அளந்து பூசியிருந்தார். நடுவில் இருந்த கீரையைக் களை என்று பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, அதிகாரிக்குக் கொடுக்க வைத்திருந்தார். மண்ணில் மருந்துக்கு ஓர் இலை இல்லை. தண்ணீர் தெளித்து, விசிறி விசிறியாகப் பெருக்கி, விளக்கமாற்று வரி அழகாகத் தெரிந்தது. புஷ்பவள்ளி வெண்டிக்கும் கனகாம்பரத்துக்கும் இடையில் புள்ளி வைத்துக் கோலமே போட்டிருந்தாள். ஐந்து வீட்டாரும் தீபாவளித் துணியில் பெரட்டில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றார்கள். எல்லோர் முகத்திலும் பூரிப்பு. உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் பார் என்று ராக்காயி கண்ணாலேயே சொன்னாள்.

அகத்தாவுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. மூன்று மாத வேலையை, அவள் முச்சந்திக்குப் போய்த் திரும்புவதற்குள் பெருக்கித் தள்ளிவிட்டார்களே. கோபப்படலாம் என்றால், மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் வேலை செய்த முகங்கள் அவை. புஷ்பவள்ளியின் புதுச்சேலை ஓரத்தில் சுண்ணாம்பு சொட்டியிருந்தது.

ஹம்டான் இறங்கினார். கையில் அட்டையில் செருகிய கேள்வித்தாள் பாரம். அதில் முதல் கேள்வி என்னவென்று அகத்தாவுக்கு மனப்பாடம்: மண் மூடியிருக்கிறதா? அவர் ஒரு பாத்தியைப் பார்த்தார், இன்னொரு பாத்தியைப் பார்த்தார். கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனார். முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி, எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று அவளைக் கேட்டார்.

காலையில்கூட இலை இருந்தது, இவர்கள்தான் பெருக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். உண்மையும் அதுதான். அகத்தா வாயைத் திறந்தாள். வரிசையில் ராக்காயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள்.  இவர்களைக் காட்டிக்கொடுத்து வாங்குகிற அட்டையை எந்த மூஞ்சியோடு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது? நான்தான் சரியாகச் சொல்லித்தரவில்லை என்றாள்.

ஹம்டான் அவளை லேண்ட்ரோவர் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். தொண்டருக்குத் தெரியுமா என்பது எனக்கு வேண்டாம், அது வகுப்பிலேயே பார்த்தாயிற்று. இவர்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றார். அகத்தா போய் நின்றாள். கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

அவர் பாகற்பந்தலுக்கடியில் குனிந்து மண்ணில் விரலை விட்டார். விரல் சுலபமாக இறங்கியது. இன்னும் ஆழமாக விட்டார். ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார், உதிர்ந்தது. உள்ளே நெளிந்த மண்புழுவைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்ப வைத்தார். பிறகு நிமிர்ந்து, இந்த மண் மேல் என்ன இருந்தது என்று ராக்காயியைக் கேட்டார்.

ராக்காயியின் மலாய் பசார் மலாய், சந்தையில் கேட்டுப் பழகியது. நாலு சொல் மலாய் என்றால் இரண்டு சொல் தமிழ், கடைசியில் ஒரு 'லா'. அதில் அவள் சொல்லத் தொடங்கினாள். ரப்பர் இலை இருந்தது. நாலு விரல் கனம். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகிவிடும், ஆகையால் உள்ளங்கை அகலம் தள்ளி. மேலே தண்ணீர் ஊற்றினால் இரண்டு நாள் ஈரம் நிற்கும். அடியில் இருப்பது மக்கும், மேலே புதிது போட வேண்டும். பூரான் வராமல் இருக்க வாசலுக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு விளக்கமாற்றுக் கட்டை. தாலாட்டு ராகத்திலேயே சொல்லி முடித்தாள்.

அப்படியானால் எங்கே அந்த இலை, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார் ஹம்டான்.

ராக்காயிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இது என்ன கேள்வி என்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துவான் டத்தாங் இல்ல, ஐயா வர்றீங்கல்ல? வீட்டுக்கு ஆள் வர்றப்ப யாராச்சும் குப்பையக் காட்டுவாங்களா? நீங்க போங்க லா, போனதும் எடுத்துப் போட்டுருவோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. வாங்க என்று சைகை காட்டி அவரைக் குளியலறைச் சுவருக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனாள். அகத்தாவால் நிற்க முடியவில்லை. சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

சுவரோரம் பன்னிரண்டு சாக்குகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துணிக் கிழிசல். சிவப்பு ராக்காயி வீட்டு இலை, பச்சை தண்டல் வீட்டு இலை, பூப்போட்டது புஷ்பவள்ளி வீட்டு இலை. மக்கியது தனி, காய்ந்தது தனி. வெயில் படாமல் மேலே ஈரச்சாக்கு வேறு போட்டிருந்தார்கள். ஓர் இலைகூட வீணாகவில்லை.

மக்குனது காஞ்சுட்டா புழு செத்துரும்ல, அதான் நனைச்சுப் போட்டோம் என்று புஷ்பவள்ளி மெல்லிய குரலில் தமிழில் சொன்னாள். இதை அகத்தா சொல்லிக்கொடுக்கவே இல்லை. அவர்களாகவே யோசித்தது. அகத்தாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

லேசில் சிரிக்காத ஹம்டான் அப்போது சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெண்டாங்கில் என் அம்மாவும் இப்படித்தான், நான் ஊருக்கு வருகிறேன் என்றால் மூடாக்கையெல்லாம் வாரி வீட்டுக்கடியில் ஒளித்துவைத்துவிடுவாள், விவசாய இலாகாவில் வேலை செய்கிற மகனுக்கே இந்தக் கதி என்றார். அகத்தா அதைத் தமிழில் சொன்னதும் ராக்காயி தலையை ஆட்டி, புத்தியுள்ள பொம்பள என்றாள்.

பிறகு அவர், நான் போகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே போடுங்கள், பார்க்கிறேன் என்றார். அவ்வளவுதான். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராக்காயி முதல் சாக்கை இழுத்தாள். தண்டல் தீபாவளி வேட்டியை மடித்துக் கட்டினார். ஏசுதாசன் எங்கிருந்தோ ஓடிவந்தான். அரைமணி நேரத்தில் ஐந்து வீட்டிலும் மண் மறுபடி போர்வைக்குள் போயிற்று. ஒவ்வொருவரும் செடியைச் சுற்றி உள்ளங்கையை வைத்து அளந்து அளந்து போட்டார்கள். அகத்தா ஒரு சாக்கைக்கூடத் தொடவில்லை. ஹம்டான் கத்தரித் தண்டுச் சுண்ணாம்பை மட்டும் உடனே கழுவச் சொன்னார். கல்லில் இருப்பது மழையில் கரைந்து மண்ணுக்குள் போகட்டும், இந்தப் புளித்த மண்ணுக்கு அது நல்லதுதான் என்றார். தண்டலுக்கு அதில் ஏகப் பெருமை.

கீரைக்கட்டை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறும்போதுதான் ஹம்டான் கேட்டார், இலை காலை வரைக்கும் இருந்தது என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை? அகத்தா யோசித்துப் பார்த்தாள். 

"அவங்க எனக்காகத்தானே பெருக்குனாங்க, என்சிக்."

அவர் பாரத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு படம் கொண்டுவாருங்கள், அட்டை தயாராக மூன்று வாரமாகும் என்றார். லேண்ட்ரோவர் ரப்பர்க் காட்டுக்குள் மறைந்ததும் லயம் அகத்தாவைச் சூழ்ந்துகொண்டது. சொன்னேன்ல, சுண்ணாம்பு அடிச்சதாலதான் பாஸு என்று பழனியாண்டித் தண்டல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. அகத்தாவும் ஆமாண்ணே என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லை. விடிகிற நேரம் அகத்தா பாயில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ராக்காயி வாசலில் சர்ரக் சர்ரக்கென்று விளக்கமாறு போயிற்று. படியிலிருந்து தொடங்கி, ஒரு கட்டை தூரம், பிறகு நின்றது. பதினாலு வருஷப் பழக்கம் அப்படியே அகத்தா வாசலுக்கு வந்தது. சர்ரக், சர்ரக். மிளகாய்ப் பாத்தி பக்கம் நெருங்கிக்கொண்டே வந்தது. 

விளக்கமாறு நின்றது.  பிறகு காய்ந்த இலையைக் கையால் அள்ளித் தள்ளிப்போடுகிற சரசரப்பு. தண்டை ஒட்டி விழுந்த இலையை ராக்காயி உள்ளங்கை அகலத்துக்கு ஒதுக்கிவைக்கிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது. ஏசுதாசன் புரண்டு படுத்து, ஏன் சிரிக்கிற என்று கேட்டான். அகத்தா ஒன்றுமில்லை என்றாள். அட்டை வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை.